இரண்டாம் கமரா

என் வேலை முகங்கள்.
முதல் கமரா மேடையைப் பார்க்கும்,
மூன்றாவது கூரையில் தொங்கும்.
நான் சிரிப்பவர்களைப் பிடிப்பவள்.
காதுக்குள் கொழும்புத் தயாரிப்பாளர்:
‘பல்லு வேணும், பல்லு. இன்னும் கிட்டப் போ.’

திருகோணமலை நகர மண்டபத்தில்
மின்விசிறிகளை நிறுத்தியிருந்தோம்,
ஒலிப்பதிவில் இரையுமென்று.
வைகாசிப் புழுக்கம்.
முந்நூறு பேர் அழைப்பிதழால் விசிறிக்கொண்டிருக்க
பாலையூற்று ஜெனீற்றா மேடைக்கு வந்தாள்,
கையில் கடுதாசி இல்லாமல்.
‘அரை மணிதான் எழுதினனான்.
மிச்சம் உங்களிட்ட இருக்கு.’

கல்யாண வீட்டு ஐஸ்கிறீம் பகிடி எடுபட்டது.
குக்கர் விசில் எடுபடவில்லை,
மூன்றாம் விசிலோடு அவளே அடுப்பை அணைத்தாள்.
பிறகு படியிறங்கி நடந்தாள்,
லைற் அவள் பின்னால் நாய்க்குட்டி போல.

மூன்றாம் வரிசை, ஓரக் கதிரை, சந்தன நிறச் சேட்டு.
வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது.
‘ஐயா பேர்?’
‘வில்வராசா.’
‘எந்த ஊர்?’
‘சாம்பல்தீவு.’
‘என்ன வேலை?’
‘கொட்பேயில, ஐஸ் பக்டறி.’
‘அதான் முகம் இன்னும் உருகேல்லை!’
சனம் சிரித்தது. நான் கிட்டப் போனேன்.
‘இப்ப எங்கயிருந்து வாறீங்கள்?
ஆரோட வந்தனீங்கள்?’

அவர் கை சேட்டுப் பைக்குப் போனது.
யாரும் கேட்கவில்லை.
இரண்டு விரலால், பழக்கத்தில்,
ஐசியை எடுத்து நீட்டினார்
வெளிச்சம் வந்த பக்கமாக.

பின்வரிசையில் தொடங்கிய சிரிப்பு
நடுவில் நின்றுபோனது,
பெற்றோல் முடிந்த மோட்டார் சைக்கிள்.
ஜெனீற்றாவின் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியதை
நான் மட்டும் பார்த்தேன், மிகக் கிட்டத்தில்.

அவள் அட்டையை வாங்கவில்லை.
மைக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
ஜீன்ஸ் பையைத் துழாவி
தன்னுடையதை அவரிடம் நீட்டினாள்.
‘நீங்கள் செக் பண்ணுங்கோ ஐயா.
இது நான்தானோ எண்டு எனக்கே டவுட்.’

வில்வராசா கண்ணாடி போட்டார்.
அட்டையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.
திரும்பவும் அட்டையை.
எவ்வளவு நேரம் பார்க்கவேண்டுமென்று
அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது.
பிறகு மைக்கை இழுத்து,
‘சரி. இறங்கி நடந்து போங்கோ.
பஸ் அங்கால நிக்கும்.’

மண்டபம் வெடித்தது.
அவள் கைப்பையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு
நடைபாதை முழுக்க நடந்தாள்.
வரிசை வரிசையாக ஐசிகள் வெளியே வந்தன,
பக்கத்திலிருந்த முன்பின் தெரியாதவரிடம் போயின.
பதினாறு வயதுத் திருட்டு முழிகள்.
கடைசி வரிசையில் ஒரு சிங்களப் பெடியனும்
தன்னுடையதை உயர்த்தினான்.
‘உன்னட்ட ஆர் கேட்டது, வை தம்பி!’
அவன் கொஞ்சம் பிந்திச் சிரித்தான்.
என் கமரா ஆடியது,
தயாரிப்பாளர் ஒன்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ஒளிபரப்பினார்கள்.
அந்தப் பதினொரு நிமிடம் இல்லை.
இலக்கங்கள் தெரியுதாம்.
மங்கலாக்கலாமே என்று கேட்டிருந்தேன்.
முந்நூறையுமா என்றார்கள்.
அந்த இடத்தில் கொஞ்சம் ட்ரோன்: கோட்டை, கடல்,
பஸ் நிலையத்தில் பொலித்தீன் மெல்லும் மான்கள்.

ஆனால் நல்ல சிரிப்பை எந்த எடிட்டர் எறிவான்?
வெட்டியெடுத்து
குக்கர் விசிலுக்குக் கீழே ஒட்டியிருந்தான்.
கிண்ணியாவில், என் வீட்டுப் பெட்டிக்குள்
மூன்றாம் விசிலுக்கு முந்நூறு பேர் குலுங்குகிறார்கள்.
அடுத்த வீட்டு நஸீரா முகத்தைச் சுளித்தாள்:
‘இதுக்குப் போய் ஏன் இப்பிடிச் சிரிக்கிறாங்க?’

சத்தத்தைக் கூட்டினேன்.
சிரிப்பின் அடியில், எடிட்டர் கவனிக்காமல் விட்டது,
யாரோ ஒருவர் காது கேளாத யாருக்கோ
திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்:
பஸ், பஸ் அங்கால நிக்குமாம்.